விளையாட இடம் கொடுத்தபிறகு பெரியவர்கள் செய்யும் தவறுகள்

தெருவிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, ஊர்ப் பொது இடத்திலோ குழந்தைகள் விளையாட ஏதாவது செய்ய வேண்டும் என்று நாலு பேர் முன்வந்தாலே பெரிய விஷயம். ஆனால் அப்படி முன்வருகிற நல்ல மனிதர்கள்தான் பல இடங்களில் விளையாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தைகளுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் செய்துவிடுகிறார்கள். ஏற்பாடு செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகளைச் சொல்கிறேன்.

1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இலங்கை 1991-லும் இந்தியா 1992-லும் இந்த உடன்படிக்கையை ஏற்றன. அந்தப் பிரிவுக்கு 2013-ல் ஐ.நா. குழு எழுதிய விளக்கம் இன்னும் முக்கியமானது. குழந்தைகள் தாமே தொடங்கி, தாமே நடத்தி, தாமே வடிவம் கொடுப்பதுதான் விளையாட்டு என்கிறது அது. கிரிக்கெட் பயிற்சி, கோடைக்கால முகாம், மாறுவேடப் போட்டி எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றை நடத்தி முடித்துவிட்டு, விளையாட்டு உரிமையைக் கொடுத்துவிட்டோம் என்று கணக்குக் காட்ட முடியாது.

அப்படியானால் பெரியவர்களுக்கு என்ன வேலை? இதற்கென்றே பிரிட்டனில் ஒரு தொழில் இருக்கிறது, பிளேவொர்க் என்று பெயர். அதன் வேர் டென்மார்க்கில். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, 1943-ல், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய மரமும் செங்கல்லும் தட்டுமுட்டுச் சாமான்களும் போட்ட ஒரு திடல் திறந்தார்கள். தான் அழகாக வடிவமைத்த திடல்களைவிட, கட்டட வேலை நடக்கும் இடங்களில் குழந்தைகள் ஆர்வமாக விளையாடுவதைக் கவனித்த சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனை அது. 1946-ல் அதைப் பார்த்த லேடி ஆலன் என்ற ஆங்கிலேய நிலவடிவமைப்பாளர், லண்டனில் குண்டு விழுந்து தரைமட்டமான இடங்களிலும் இப்படிச் செய்யலாமே என்று எழுதினார். அங்கே உருவான திடல்களில் கூடவே இருந்த பெரியவர்களின் அனுபவம்தான் பின்னாளில் தொழிலாக வளர்ந்தது. இடம், நேரம், பொருள் மூன்றையும் ஏற்பாடு செய்துவிட்டு ஒதுங்கி நிற்பதே அந்த வேலை. ஒதுங்கி நிற்பதுதான் கஷ்டம்.

நம் ஊரில் அதிகம் பார்க்கிற தவறு, விளையாட்டை நிகழ்ச்சியாக்குவது. 'மரபு விளையாட்டுத் திருவிழா' என்று பேனர் கட்டி, மைக் வைத்து, விசில் ஊதி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள். ஒருவர் பாண்டி ஆடக் கற்றுக்கொடுப்பார். கடைசியில் சான்றிதழ், குழுப் படம். பாண்டியும் கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் யாரும் சொல்லிக்கொடுத்துப் பரவியவை அல்ல. பெரிய பிள்ளைகள் ஆடுவதைச் சின்னப் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்து கற்றுக்கொண்டவை. சில்லு கோட்டில் விழுந்ததா, உள்ளே விழுந்ததா என்று பத்து நிமிடம் சண்டை போடுவார்களே, அந்தச் சண்டையும் ஆட்டம்தான். நாம் நடுவராகப் போய் ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னால் அவர்களாகவே பேசித் தீர்க்கும் வாய்ப்பு போய்விடும். அடிதடியாகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. குரல் உயர்ந்த உடனே ஓடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது, நடுவில் புகுவது. பெரிய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி ஒன்று கிடக்கிறது. இரண்டு சிறுமிகள் அதைப் பஸ் ஆக்கிவிட்டார்கள். ஒருத்தி உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறாள், இன்னொருத்தி வேப்பிலையைக் கிள்ளிக் கிள்ளி டிக்கெட் கொடுக்கிறாள். அப்போது ஒரு மாமா வந்து, "அட, வீடு கட்டியிருக்கீங்களா? ஜன்னல் வெட்டித் தரட்டுமா?" என்று கத்தியை எடுக்கிறார். கூடவே வேப்பிலையின் மருத்துவக் குணத்தையும் சொல்கிறார். மரியாதைக்கு இரண்டு நிமிடம் தலையாட்டிவிட்டு இரண்டு பேரும் போய்விடுவார்கள். பெட்டி வீடாகிவிட்டது, பஸ் நின்றுவிட்டது. அந்த மாமா செய்திருக்க வேண்டியது வேறு. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கயிற்றுச் சிக்கலைப் பிரிப்பது போல ஏதாவது கைவேலையோடு இருந்திருக்கலாம். கண்டக்டர் அவரைப் பார்த்து வேப்பிலையை நீட்டினால், அது அழைப்பு. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட வேண்டும். அழைப்பு வராவிட்டால் ஏறவே கூடாது. குழந்தை தரும் இந்தச் சைகையையும், பெரியவர் அதைத் தவறாகப் படித்து ஆட்டத்தைத் தன்வசமாக்கிவிடுவதையும் பற்றி ஸ்டர்ராக், எல்ஸ் என்ற இருவர் 1998-ல் விரிவாக எழுதினார்கள். பிளேவொர்க் படிப்பவர்கள் இன்றும் அதைக் கற்கிறார்கள்.

இதோடு சேர்ந்தது, குழந்தைகள் கட்டியதைக் கலைப்பது. நம் பிள்ளைத்தமிழில் இதற்கென்றே சிற்றில் பருவம் என்று ஒன்று இருக்கிறது. மணலில் கட்டிய சிறுவீட்டைக் காலால் சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சும் பாடல்கள் அவை. இன்றைக்குச் சிதைப்பது துடைப்பம் ஏந்திய பெரியவர்கள். நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கியாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஓரமாக வைக்க முடிந்தால் அடுத்த வாரம்வரை இருக்கட்டும். முடியாவிட்டால், கட்டியவர்களே பிரிக்கட்டும்.

பணம் வசூலித்து, சறுக்குமரமும் ஊஞ்சலும் வாங்கிப் போடுவதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. சறுக்குமரத்தில் சறுக்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பதில் கயிறு, பழைய புடவை, தென்னை மட்டை, அட்டைப்பெட்டி, பி.வி.சி. குழாய்த் துண்டு, மணல், ஒரு வாளித் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். இடம் மாற்றி, இணைத்து, பிரித்து ஆடக்கூடிய பொருள்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கற்பனையும் விரியும் என்று சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1971-லேயே எழுதிவிட்டார். ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய டயர் போட்டால் அடியில் துளை போடுங்கள். டயருக்குள் தேங்கும் மழைத்தண்ணீர்தான் டெங்குக் கொசுவுக்குப் பிடித்த இடம்.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் மரம் ஏறாதே, ஓடாதே, கல்லைத் தொடாதே என்று எல்லாவற்றுக்கும் தடை போடுவார்கள். சிலர், நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் கிணற்றில் குதித்தோம் என்று எதையுமே பார்க்கமாட்டார்கள். குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிற சவால் வேறு, தெரியாத ஆபத்து வேறு. மரக்கிளை எவ்வளவு உயரம் என்பது ஏறுகிறவனுக்குத் தெரியும், அவனே கணக்குப் போடுவான். மூடி ஆடுகிற சம்ப், துருப்பிடித்த ஆணி, திறந்து கிடக்கும் மின்பெட்டி, புல்லுக்குள் பாட்டில் சில்லு, இவற்றை அவனால் கணக்குப் போட முடியாது. எனவே குழந்தைகள் வருவதற்கு முன்னால் இடத்தை ஒருமுறை நடந்து பார்த்து இரண்டாவது வகையை அகற்றுங்கள், முதல் வகையை விட்டுவையுங்கள். ஏறுகிறவனிடம் "விழுந்துடுவே!" என்று கத்துவதால் பயன் இல்லை. அவன் கவனம்தான் சிதறும். வேண்டுமானால், "அடுத்து காலை எங்கே வைக்கப் போறே?" என்று நிதானமாகக் கேளுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது, யார் வரவில்லை என்று பார்க்காமல் விடுவது. கூட்டம் வந்தால் போதும் என்று இருந்தால், திடல் பத்தே நாளில் பெரிய பையன்களின் கிரிக்கெட் மைதானமாகிவிடும். பெண் குழந்தைகள் ஓரத்தில் நிற்பார்கள், வயசுக்கு வந்தவர்கள் வரவே மாட்டார்கள். தம்பி தங்கையை இடுப்பில் சுமக்கிற அக்காவிடம், கைக்குழந்தையோடு வராதே என்று சொன்னால் அவளுக்கு விளையாட்டே இல்லை. ஒரு பாயை விரித்து, பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரைப் போடுங்கள், அவளும் ஓடுவாள். அடுக்குமாடியில் வாட்ச்மேன் குழந்தைகளுக்கும் வீட்டுவேலை செய்பவரின் குழந்தைகளுக்கும் அனுமதி உண்டா என்பதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். பேசாமல் விட்டால் பழைய வழக்கம்தான் நிற்கும். கிராமத்தில் இடம் எந்தத் தெருவில் என்பதிலேயே சாதி வந்துவிடுகிறது. ஊர்த் தெருவின் நடுவே வைத்துவிட்டு, காலனிப் பிள்ளைகளை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லையே என்பது பதிலாகாது. இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் தயங்காமல் வரக்கூடிய இடத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். வேல்ஸ் நாட்டில் குழந்தைகளுக்குப் போதிய விளையாட்டு வாய்ப்பு இருக்கிறதா என்று உள்ளாட்சிகளே கணக்கெடுக்க வேண்டும் என்று 2010-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும், யாரெல்லாம் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

குழந்தைகளோடு இருக்கும் பெரியவர்கள் யார் என்று விசாரிக்காமல் சேர்ப்பதும் கூடாது. எப்போதும் குறைந்தது இரண்டு பேர், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில். ஒரு குழந்தை வீட்டிலோ வெளியிலோ தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைச் சொன்னால், அமைதியாகக் கேளுங்கள், துருவாதீர்கள். நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். 2012-ன் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். 1098 என்ற இலவச எண்ணில் குழந்தை உதவி மையத்தையும் அழைக்கலாம். அப்புறம், படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தை விடுங்கள். கேமராவைப் பார்த்ததும் குழந்தைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போஸ் கொடுக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். யார் எந்தக் கிழமை எங்கே இருப்பார்கள் என்பதை ஊருக்கே அறிவிப்பது இன்னொரு பக்கம்.

அக்கம்பக்கத்தில் சொல்லாமல் தெருவை மறிக்காதீர்கள். பிரிஸ்டல் நகரில் 2009-ல் சில தாய்மார்கள் தங்கள் தெருவைச் சில மணி நேரம் மூடிக் குழந்தைகளை விளையாட விட்டது பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. அங்கே தெருவாசிகள்தான் முன்னே நின்றார்கள். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், யாருக்கு இரவுப்பணி, எந்தக் கடைக்கு எப்போது லோடு வரும் என்று கேட்டு நேரம் குறித்தால் எதிர்ப்பு பாதி குறையும். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஒரு நாள் பிரமாதமாக நடத்திவிட்டு மூன்று மாதம் காணாமல்போவது. அடுத்த வாரமும் இதே கிழமை, இதே நேரம் திறந்திருக்கும் என்று தெரிந்தால்தான் குழந்தை பாதியில் விட்ட ஆட்டத்தை மனசுக்குள் வைத்திருந்து கொண்டுவரும். வாரம் இரண்டு மணி நேரம் என்றாலும் தவறாமல் நடத்துங்கள். மார்ச் வந்ததும் பரீட்சை என்று பூட்டிவிடாதீர்கள். பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமாவது வெளியே ஓடத் தேவைப்படுவது அந்த மாதத்தில்தான். அவர்கள் வீடுகளுக்கு நேரில் போய்ப் பெற்றோரிடம் பேசுவதை பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.