கொட்டானை 499 ரூபாய்க்கு விற்றால் கையில் என்ன நிற்கும்?

ஆன்லைனில் பொருள் விற்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கமிஷன் எத்தனை சதவீதம்?" கமிஷனாவது கண்ணுக்குத் தெரிகிறது. என் காசை அதிகம் தின்றது அட்டைப்பெட்டி. காரைக்குடியில் கொட்டான், அதாவது பனையோலையில் பின்னிய கூடை, விற்கிறேன், அதை வைத்தே கணக்குச் சொல்கிறேன். கீழே வரும் கட்டணங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. தளத்துக்குத் தளம் விகிதம் மாறும், ஆகவே உங்கள் தளத்தின் கட்டணப் பட்டியலைத் திறந்து அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பதிவு

ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் விற்கவே முடியாது என்பது பழைய கதை. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்கும் தமிழ்நாட்டுச் சிறு வியாபாரி, ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு மாநிலத்துக்குள் சரக்கு விற்கலாம். சென்னைக்கு அனுப்பலாம், பெங்களூருக்குக் கூடாது. விற்ற பணத்திலிருந்து தளம் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி (டி.டி.எஸ்.) 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம்தான். பான் கொடுத்த தனிநபருக்கு ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாதவரை அந்தப் பிடித்தமும் கிடையாது.

படி 2: டேப்பை எடுத்துப் பெட்டியை அளங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கூரியர்காரர்கள் தராசு காட்டும் எடையோடு நிற்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அதுதான் வால்யூமெட்ரிக் எடை. இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம்.

என் கொட்டான் பேக்கிங்கோடு 200 கிராம்தான் வரும். ஆரம்பத்தில், மளிகைக் கடையில் சும்மா கிடைத்த 30×25×20 பெட்டியில் போட்டு அனுப்பினேன். பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ! காற்றை அனுப்பக் காசு கட்டியிருக்கிறேன். பிறகு 15×15×12 அளவில் பெட்டி அடிக்கச் சொன்னேன். அது 0.54 கிலோ, அரைக் கிலோவைத் தாண்டி அடுத்த படிக் கட்டணத்தில் விழுந்தது. உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்ததும் 0.495 கிலோ ஆனது. அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் என் வியாபாரம் நிற்கிறது.

படி 3: துண்டுத்தாள் கணக்கு

விலை 499. கமிஷன் 12 சதவீதம் என்றால் 60. ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான கட்டணம் 20, அரைக் கிலோவுக்கு அனுப்புக் கூலி 75. ஆக 155. இந்தக் கட்டணங்களின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 28 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் இதை நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், பதிவு இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இது போனது போனதுதான்.

கைக்கு வருவது 316. பின்னிக் கொடுக்கும் அக்காவுக்கு 180, பேக்கிங் 25. மிச்சம் 111.

இதே கொட்டானை அந்த மளிகைப் பெட்டியில் அனுப்பிக் கூலி 190 ஆகியிருந்தால்? கூடுதல் 115, அதற்கு வரி 21. விற்ற ஒவ்வொன்றுக்கும் 25 ரூபாய் நட்டம். கமிஷன் ஒரு பைசா கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 4: ரிட்டர்னைச் சேருங்கள்

பத்தில் ஒன்று திரும்பி வருவதாகவும், அதற்குக் கமிஷனும் நிலையான கட்டணமும் பிடிக்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். போக 75, வர 75, வரியோடு 177. பேக்கிங் 25. ஓலை நசுங்கி வந்தால் 180-ம் போச்சு. ஆக 382. ஒன்பது கொட்டானில் கிடைத்த 999-லிருந்து கழித்தால் 617. அனுப்பிய ஒன்றுக்கு 62 ரூபாய்கூட முழுசாகத் தேறாது. இதுதான் உங்கள் நிஜ லாபம்.

படி 5: சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்

ஒருமுறை திரும்பி வந்த பார்சலைப் பிரித்தால் பழைய பிளாஸ்டிக் டப்பா இருந்தது. வீடியோ எடுக்கவில்லை, புகார் எடுபடவில்லை. அன்றிலிருந்து அனுப்பும்போது தராசு, அளவு டேப், முகவரிச் சீட்டு மூன்றும் தெரிய ஒரு படம் எடுக்கிறேன். திரும்பி வந்தால் வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரிக்கிறேன். பார்சலின் எடையைக் கூட்டிப் போட்டு நம் பணத்தில் கழித்தாலும், அனுப்பும்போது எடுத்த படமே கைகொடுக்கும். புகார் சொல்லக் கெடு உண்டு, அன்றன்றே போட்டுவிடுங்கள்.

வாங்குபவராக ஏமாந்தாலும் இதே பழக்கம் உதவும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915-ஐ அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

படி 6: தள்ளுபடி அழைப்பு வரும்போது

பண்டிகை நெருங்கினால் "499-ஐ 399 ஆக்குங்கள், ஆர்டர் குவியும்" என்று செய்தி வரும். ஆசை வேண்டாம், தாளை எடுங்கள். கமிஷன் 48 ஆகக் குறையும், மற்றவை அப்படியே. வரியோடு 169 போக 230 வரும், செலவு 205 கழித்தால் மிச்சம் 25. அதே பத்துக்கு ஒரு ரிட்டர்ன் வந்தால், ஒன்பதின் லாபம் 225, நட்டம் 382. ஆர்டர் குவியக் குவிய நட்டமும் குவியும். சலுகைகளில் உங்கள் பொருளைத் தானாகச் சேர்த்துவிடும் தேர்வு உங்கள் தளத்தில் இருக்கிறதா என்று அமைப்புகளில் தேடுங்கள், இருந்தால் இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.