கரண்ட் போய் வந்தால் பேச மறுத்த ராஸ்பெர்ரி பை

என் வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் ஆளுக்கொரு ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி. மின் மீட்டர் அளவுகள் அந்தந்த வீட்டிலேயே இருக்கும். கணக்குப் போட்ட கூட்டுத்தொகை மட்டும் வயர்கார்டு (இணையத்தின் மேல் இரு வீட்டையும் ரகசியப் பாதையில் இணைக்கும் விபிஎன்) வழியே போய் வரும். அண்ணன் வீட்டில் கரண்ட் போய் வந்தால் மட்டும் இணைப்பு வராது. நாமே முறையாக அணைத்துப் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை.

ரவுட்டரைச் சந்தேகித்தேன், எம்டியூவைக் (ஒரு பாக்கெட்டின், அதாவது தரவுப் பொட்டலத்தின், உச்ச அளவு) குறைத்தேன். வயர்கார்டின் ரகசியச் சாவிகளை மாற்றியதும் சரியானது. அடுத்த பவர் கட்டில் பழைய கதைதான். நான்கு நாள் போச்சு.

வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை என் பையில் ஓட்டினால், வயர்கார்டின் 51820 போர்ட்டுக்குப் பாக்கெட் வந்து சேர்கிறது, என் பை பதிலே சொல்லவில்லை. இன்னொரு விசித்திரம்: சும்மா விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே இணைந்துவிடும்!

அங்கேதான் பிடி கிடைத்தது. பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அதற்குப் பதிலாக நேரத்தைக் கோப்பில் வைக்கும் ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற நிரல், மணிக்கொரு முறையும் முறையாக அணைக்கும்போதும்தான் நேரத்தைச் சேமிக்கும். திடீரென்று அணைந்தால் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். வயர்கார்டோ, முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரமுத்திரை வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சத்தமில்லாமல் தூக்கிப் போடும். வலை வழியே நேரத்தைத் திருத்த என்டிபி இருக்கிறதே என்றால், அண்ணன் வீட்டு பையின் எல்லாப் போக்குவரத்தையும் அதே வயர்கார்டுக்குள் திருப்பி விட்டிருந்தவன் நான்; அது இணையாமல் என்டிபியும் எட்டாது.

அண்ணன் வீட்டு ரவுட்டரையே என்டிபி சர்வராகக் கொடுத்தேன். அது உள்வலையில் இருப்பதால் வயர்கார்டுக்குள் போகாது. கூடவே பேட்டரியோடு ஒரு டிஎஸ்3231 கடிகாரச் சில்லும் மாட்டியாச்சு. பிறகு மெயினை மூன்று முறை அணைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் உடனே இணைந்தது.