மலைநாட்டில் பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் சுடுதளத்துக்கு ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். பழைய .22 பிஸ்டல் (0.22 அங்குல ரவை, அதாவது தோட்டா, போடுவது), நல்ல விலைக்குக் கிடைத்ததாம். பெருமையாக ஒரு தோல் உறையிலிருந்து அதை உருவினார். குழாய் வாயில் மஞ்சள்தூள் மாதிரி கறள் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன். விரலை விசையில் வைக்காதே, வாயை ஆள் பக்கம் திருப்பாதே என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், அதற்குள் நான் போகவில்லை.

பெயருக்காக வாங்குவது

ஒலிம்பிக்கில் பார்த்துவிட்டு எல்லோரும் பார்டினி வேண்டும், வோல்தர் வேண்டும் என்கிறார்கள். நல்ல துப்பாக்கிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் 25 மீற்றர் தூர இலக்கில் பழகத் தொடங்குகிறவருக்கு யாரும் திரும்பிப் பார்க்காத மூன்று செமி ஓட்டோமெட்டிக் (சுட்டதும் அடுத்த ரவை தானாக ஏறும்) பிஸ்டல்கள் இருக்கின்றன: 1982இல் வந்த ரூகர் மார்க் 2, 1985இல் வந்த பிரவுனிங் பக் மார்க், அப்புறம் சோவியத் காலத்து மார்கொலின். இந்த மார்கொலினை வடிவமைத்த மிகாயில் மார்கொலின் பார்வை இழந்தவர். மாதிரிகளைக் கையால் தடவித் தடவியே அதை உருவாக்கினார். பழைய ரஷ்யச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும், கைப்பிடி அப்படி உட்காரும்.

இந்த மூன்றிலும் குறிபார்க்கும் பின் குறிகாட்டி அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது, சுடும்போது பின்னால் போய்வரும் பாகத்தின்மேல் அது சவாரி செய்வதில்லை. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் வெறும் 5 சென்ரிமீற்றர் அகலம் என்னும்போது இது சின்ன விஷயமில்லை. விலையையும் பெயரையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஒரே மகசினோடு வாங்குவது

வாங்காதீர்கள். மகசின் என்பது ரவை அடுக்கும் கூடு. அதன் வாய் விளிம்பு கொஞ்சம் நெளிந்தால் போதும், ரவை ஏறாது, பழைய மொடலுக்கு வேறு மகசின் தேடி அலைய வேண்டும்.

தோல் உறையில் வைத்துப் பூட்டுவது

இதைத்தான் நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், இன்றைக்கும் பார்த்தால் கோபம் வருகிறது.

என் முதல் பிஸ்டலுக்கு டவுனில் ஒரு தொழிலாளியிடம் அளவு கொடுத்து உறை தைத்து வாங்கினேன். அருமையான வேலை. மே மாதம் மழை பிடித்தது, சுடுதளத்துக்குப் போக முடியவில்லை, எண்ணெய் தடவி உறையில் போட்டு அலுமாரிக்குள் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எண்ணெய் போட்டாயிற்று, உறையும் இருக்கிறது, இனி என்ன என்று நினைத்தேன். செப்டெம்பரில் எடுத்தால் உறை பட்ட இடமெல்லாம் பழுப்பு. துடைத்தால் போய்விடும் என்று துடைத்தேன். மேலே இருந்த கறள் போயிற்று, அதற்குக் கீழே ஊசியால் குத்தியது மாதிரி குழிகள்.

காரணம் எளிது. பிஸ்டலின் கறுநீல மெருகு பெயின்ற் அல்ல, இரும்பின் மேலேயே உண்டாக்கிய மெல்லிய ஒக்சைட்டுப் படலம். எண்ணெய் இருக்கும்வரைதான் அது காக்கும். தோல் அந்த எண்ணெயைக் குடித்துவிடும், பதிலுக்குக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் வேறு அதில் இருக்கும். தென்மேல் பருவமழையில் நம் வீடுகளில் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கிறதே, இரும்பை நாலு மாதம் அதற்குள் சுருட்டி வைத்தால் என்ன ஆகும்?

வெளியே குழி விழுந்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். ரவை உட்காரும் அறைக்குள் விழுந்தால்தான் வினை. சுட்டதும் ரவையின் பித்தளைக் கோது விரிந்து அந்தக் குழிகளுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும், கோதை வெளியே எடுக்கும் கொக்கி இழுத்தால் விளிம்பு கிழியும், கோது உள்ளேயே நிற்கும். ஐந்து ரவைக்கு இரண்டு முறை எனக்கு இப்படி நின்றது. 10 செக்கனில் ஐந்து சுட வேண்டிய சுற்றில் அது போட்டியே முடிந்த மாதிரி. கடைசியில் குழாயை மாற்ற வேண்டி வந்தது. அதற்குப் பட்ட அலைச்சலும் செலவும் அந்தப் பிஸ்டலின் விலையைத் தாண்டியது.

பஞ்சு வைத்த பிளாஸ்டிக் பெட்டியும் இதே ஆபத்துதான், பஞ்சும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உறை எடுத்துப் போவதற்கு, வைத்திருப்பதற்கு அல்ல. வீட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு, எதுவும் சுற்றாமல், இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அந்தப் பையையும் மாதமொருமுறை சூடு காட்டி உலர்த்த வேண்டும், ஈரம் குடித்த பை இருந்தும் இல்லாததுதான். மழை மாதங்களில் கிழமைக்கு ஒருநாள் எடுத்துத் துடையுங்கள். சுடாவிட்டாலும் துடையுங்கள்.

இன்னொன்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், விடியக்காலைக் குளிரில் துப்பாக்கி சில்லென்று இருக்கும். அதை வாகனத்தின் பின்பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு இறக்கிப் போனவுடன் பெட்டியைத் திறந்தால், ஐஸ் தண்ணீர்க் கோப்பை மாதிரி இரும்பு முழுக்க வியர்க்கலாம், குழாய்க்குள்ளும்தான். ஒரு மணி நேரமாவது பெட்டியைத் திறக்காமல் சூடேற விடுங்கள்.

கழற்றப் பயந்து துடைக்காமல் விடுவது

ரூகர் மார்க் 2ஐக் கழற்றினால் திரும்பப் பூட்டுவது சிரமம் என்று பெயர் வாங்கியது. உண்மைதான். சுத்தியலோடு சேர்ந்த சின்னத் தண்டு சுருள்வில்லின் குழியில் சரியாக விழாவிட்டால் விசை வேலை செய்யாது. பூட்டும்போது பிஸ்டலைச் சரித்துப் பிடித்தால் தண்டு தானாகவே தன் இடத்துக்கு வரும். பத்து முறை செய்தால் கை பழகிவிடும். குளிர் நேரத்தில் தடித்த எண்ணெய் மட்டும் வேண்டாம், உள்ளே இறுகி, போய்வரும் பாகத்தை மந்தமாக்கிவிடும்.

விசையை இலேசாக்குவது

25 மீற்றர் போட்டியில் விசையில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டாலும் அது இழுபடாமல் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

வெறும் அறையில் விசையிழுத்துப் பழகுவது

.22 ரவை விளிம்பில் அடிபட்டு வெடிப்பது. ரவை இல்லாமல் அடித்தால் பழைய பிஸ்டல்களில் ரவையை அடிக்கும் ஊசி அறையின் விளிம்பிலேயே போய் இடிக்கலாம். போலி ரவை போட்டுப் பழகுங்கள்.

அனுமதிப்பத்திரம்

வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். திகதியைக் கலண்டரில் எழுதி வையுங்கள்.

அந்தத் தம்பியின் பிஸ்டலை அன்றைக்கே கழற்றிப் பார்த்தோம். குழாய் வாயில் மட்டும்தான் கறள், அறை சுத்தமாக இருந்தது. உறையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், அவர் திருப்பிக் கேட்கவில்லை.