காரைக்குடிக்குப் பாதிப் பை போதும்

செட்டிநாட்டுப் பக்கம் இரண்டு மூன்று நாள் போகிறீர்களா? இரண்டு செட் உடுப்போடு கிளம்புங்கள். அந்த வெயிலில் இரவு அலசிப் போட்ட பருத்தித் துணி காலையில் மொறமொறவென்று காய்ந்திருக்கும். காலியாகக் கிடக்கும் பாதிப் பை கண்டாங்கிச் சேலைக்கு.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிந்தவரை நெசவாளர்களிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள். கட்டத்தையும் அகலக் கரையையும் பார்த்துக் கைத்தறி என்று மயங்க வேண்டாம், விசைத்தறியிலும் அவை வரும். சேலையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். நெய்யும்போது துணியை விரித்துப் பிடிக்கும் கம்பின் ஊசி பட்ட சின்னச் சின்னத் துளைகள் வரிசையாகத் தெரிந்தால் பெரும்பாலும் கைத்தறிதான். ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சாயம். ஈரக் கைக்குட்டையால் கரையை ஒரு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள். நான் ஒருமுறை அதைச் செய்யாமல், அரக்குச் சேலையை ஈரத் துண்டோடு ஒரே பையில் திணித்தேன். வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி இன்னும் ரோஜா நிறத்தில்தான் இருக்கிறது! முதல் இரண்டு மூன்று முறை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். விறைப்பும் அதற்குள் தணிந்துவிடும்.

உறவுகளுக்குக் கொடுக்க ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) நல்லது, கனமே இருக்காது. ரவிக்கைத் துணியை அதற்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்ளலாம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்தால் ஆசை வரும்தான். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது, கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.