ரோமப் பேரரசர் ஆட்சிக்கு வந்த விதத்தை ஆராய்வது எப்படி?

ரோமப் பேரரசர் ஒருவர் எவ்வாறு ஆட்சிக்கு வந்தார் என்று ஆராயப் புகுவோர் முதலில் வம்சாவளி அட்டவணையை ஒதுக்கி வைப்பது நல்லது. தந்தைக்குப் பின் மகன் என்று வகுத்த சட்டம் எதுவும் அங்கு இருக்கவில்லை. பல அதிகாரங்கள் ஒரே மனிதரிடம் குவிந்த நிலையே பேரரசர் பதவி எனப்பட்டது. ஆகவே அந்த அதிகாரங்களை யார், எப்போது அளித்தார்கள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

முன்னவர் உயிரோடிருந்தபோதே எவை கைமாறின என்று பாருங்கள். முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 4இல் டைபீரியஸைத் தத்தெடுத்ததோடு நில்லாமல் டிரிபியூன் அதிகாரத்தையும் (சட்டம் முன்மொழியவும் பிறர் முடிவுகளைத் தடுக்கவும் உரிமை தருவது) பெற்றுத் தந்தார், கி.பி. 13இல் மாகாணங்கள் மீதும் படைகள் மீதும் தமக்கு நிகரான அதிகாரம் கிடைக்கச் செய்தார். மறு ஆண்டு அவர் இறந்தபோது டைபீரியஸ் புதிதாகப் பெற வேண்டியிருந்தது மிகக் குறைவே.

அடுத்து, படையின் பங்கைத் தேடுங்கள். பெரும்பாலும் விடை இங்கேதான் கிடைக்கும். கி.பி. 41இல் பேரரசர் கலிகுலா கொல்லப்பட்டபின் செனட் சபை விவாதித்துக்கொண்டிருக்க, பேரரசரின் மெய்க்காவலர்களான பிரிட்டோரியன் காவற்படையினர் கிளாடியஸைப் பேரரசராக்கிவிட்டனர். அவரும் அவர்களுக்குப் பெருந்தொகை வழங்கினார். கி.பி. 69 ஜனவரி 10 அன்று பீசோ என்பவரை வாரிசாகத் தத்தெடுத்த பேரரசர் கால்பாவோ வீரர்களுக்குப் பணம் தர மறுத்தார். ஐந்தே நாளில் இருவரும் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஜூலை 1 அன்று அலெக்சாந்திரியாவில் படையினர் வெஸ்பாசியனைப் பேரரசராக அறிவித்தனர். செனட் டிசம்பரில்தான் அவரை ஏற்றது. அவரோ தம் ஆட்சியை ஜூலையிலிருந்தே கணக்கிட்டார். எனவே படை அறிவித்த நாளையும் செனட் ஏற்ற நாளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நெர்வா முதல் மார்க்கஸ் அரேலியஸ் வரையான பேரரசர்கள் தகுதி பார்த்தே வாரிசைத் தேர்ந்தார்கள் என்ற புகழுரையை அப்படியே ஏற்க வேண்டாம். முதலில் அவர்களுக்கு உயிரோடு மகன் இருந்தாரா என்று பாருங்கள். மார்க்கஸுக்கு இருந்தார், கி.பி. 177இல் அந்தக் கொம்மோடஸ் இணைப் பேரரசரானார். நெர்வா டிராஜனைத் தத்தெடுத்ததும் காவற்படையின் கலகம் தம்மை அவமானப்படுத்திய பிறகுதான். டிராஜன் அப்போது ஜெர்மானிய எல்லையில் படை வைத்திருந்த ஆளுநர்.

கல்வெட்டில் வரும் தந்தை பெயரையும் நம்பிவிடாமல், அந்தத் தந்தை எப்போது இறந்தார் என்று சரிபாருங்கள். தம்மை மார்க்கஸ் அரேலியஸின் மகன் என்று பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் அறிவித்துக்கொண்டது, மார்க்கஸ் இறந்து சுமார் 15 ஆண்டுகளுக்குப் பிறகு.