லோங் பிராஞ்ச் துவக்கு: வாங்கும்போது பார்க்க வேண்டியதும் படம் எடுக்கும் விதமும்

பழைய இராணுவத் துவக்குகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கண்டதையெல்லாம் வாங்காதீர்கள் என்பதுதான். ஒரு மாதிரியைப் பிடியுங்கள். முடிந்தால் ஒரே தொழிற்சாலையோடு நில்லுங்கள். கனடாவின் மிசிசாகா நகரில் இருக்கிற எனக்கு அது தானாகவே அமைந்தது. லேக்ஷோர் வீதியில் இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கிற பழைய கட்டடம், இரண்டாம் உலகப் போரில் துவக்குகளைப் பரிசோதித்து அனுப்பிய இடம். அது சேர்ந்திருந்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் 1941 முதல் 1945 வரை, பிரிட்டிஷ் இராணுவ மாதிரியான லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 துவக்குகள் சுமார் 9 லட்சம் செய்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி எடுத்து, பரீட்சையில் தேறி, லைசன்ஸ் கையில் வந்த பிறகுதான் வாங்குவது பற்றிப் பேச்சு. வீட்டில் ரவை இறக்கி, பூட்டி வைக்க வேண்டும். ரவைகளை வேறாகப் பூட்டுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், வாங்குகிற வாரத்தில் ஆர்சிஎம்பி என்கிற கனடா மத்திய பொலிஸின் இணையத்தளத்தை ஒருதரம் பாருங்கள். நண்பர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

சரி, கடையிலோ துவக்குக் கண்காட்சியிலோ ஒன்றைக் கையில் எடுத்துவிட்டீர்கள். முதல் வேலை, போல்டை (கைப்பிடியோடு முன்னும் பின்னும் ஓடி, குழலின் பின்பக்கத்தை அடைக்கிற உருளை) திறந்து, ரவை அமர்கிற அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. விற்கிறவர் இப்போதுதான் பார்த்தேன் என்றாலும் நீங்களும் பாருங்கள்.

அப்புறம் அடையாளங்கள். இடது பக்க இரும்பில் 'நம்பர் 4 எம்கே 1 ஸ்டார்' (ஸ்டார் என்பது * குறி), 'லோங் பிராஞ்ச்', செய்த ஆண்டு மூன்றும் இருக்கும். தொடர் எண்ணின் நடுவே 'எல்' எழுத்து வரும். பிரிட்டிஷ் அம்புக்குறி ஒன்று 'சி' எழுத்துக்குள் நின்றால் அது கனடா அரசின் சொத்து முத்திரை. போல்ட் கைப்பிடியின் பின்பக்க எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒத்துப் போனால் விலை ஏறும். பழைய எண்ணைக் கோடு போட்டு வெட்டிப் புது எண் அடித்திருந்தால் பயப்பட வேண்டாம், பட்டறைகளில் அப்படிச் செய்தது உண்டு. எண் இருந்த இடமே அரத்தால் ராவப்பட்டிருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். 1941 என்று அடித்தவை அரிது. அதனாலேயே அந்த ஆண்டைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. குறிபார்வைக் கண்ணாடி பூட்டிய ஸ்னைப்பர் துவக்கென்று சொல்லி விற்பவற்றில் போலிகள் நிறைய. ஆதாரம் காட்டும் பத்திரம் இல்லாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

'ஸ்டார்' மாதிரியில் ஒரு பலவீனம் உண்டு. போல்ட் தலையைக் கழற்ற வசதியாக, அது ஓடுகிற தண்டவாளத்தின் முன்பகுதியில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அந்த வெட்டின் விளிம்பு உடைந்துபோவது வழக்கம். போல்டை மெதுவாக முன்னும் பின்னும் இழுத்து, தலை அந்த இடத்தில் துள்ளி எழும்புகிறதா என்று பாருங்கள். 'டிபி' என்று அடித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது. சுவரில் வைக்கலாம், சுடக்கூடாது. மற்றவற்றையும் துவக்குப் பட்டறையில் ஒருவர் அளந்து பார்த்துச் சரி சொன்ன பிறகே சுடுங்கள்.

மரத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. போருக்குப் பிறகு இவை மலிவாக வெளியே வந்தபோது, மான் வேட்டைக்காக முன்மரத்தை வெட்டி எறிந்தார்கள். அதையாவது மன்னிக்கலாம், பசிக்கு வேட்டை. இப்போது தோளில் அண்டுகிற பின்மரமான பிடங்கை மணல்தாளால் தேய்த்து, வார்னிஷ் பூசி, புதிதுபோல மினுக்கி விற்கிறார்கள். தேய்த்த கையோடு பரிசோதகர் அடித்த குட்டி முத்திரைகளும் போய்விடும். அழுக்கேறிய மரத்தையே வாங்குங்கள். துணியில் துளி ஆளிவிதை எண்ணெய் விட்டு உள்ளங்கைச் சூடு ஏறத் தடவினால் போதும்.

இனிப் படம். அழகுக்காகப் படம் எடுக்கிறவர்கள் உண்டு. நான் வாசிப்பதற்காக எடுக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத முத்திரை நல்ல படத்தில் தெரியும்.

முழுத் துவக்கு 113 சென்டிமீட்டர். கைபேசியைக் கிட்டக் கொண்டுபோனால் நடு வீங்கி, நுனியும் பிடங்கும் ஒடுங்கிவிடும். 85 மில்லிமீட்டர் லென்ஸோடு மூன்று நான்கு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நிமிர்த்தி வைத்த சாம்பல் நிறப் பலகையில் துணி சுற்றிய இரண்டு மரக்குச்சி அடித்து அதில் கிடத்தி, கமராவைத் துவக்கின் நடு உயரத்துக்கே முக்காலியில் நிறுத்தினால் கோணல் வராது. லென்ஸின் துவாரம் எஃப் 8 அல்லது எஃப் 11. சாம்பல் அட்டையை ஒரு படத்தில் வைத்து நிறத்தைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் வால்நட் மரம் செம்மண் நிறத்தில் வரும், வாங்குகிறவர் மரம் மாற்றியதென்று நினைப்பார். வலம் ஒன்று, இடம் ஒன்று, இரண்டும் கட்டாயம்.

லென்ஸின் முன்னால் மாட்டுகிற போலரைசர் வடிகட்டி எண்ணெய் பூசிய மரத்தின் பளபளப்பை அடக்கும். வெறும் இரும்பின் பளபளப்பில் அதன் வித்தை பலிக்காது. இரும்புக்கு வெளிச்சத்தைத்தான் மெத்தென்று ஆக்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்து, வெயில் நேரே விழாத பக்கமாக வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய விளக்குகளை விட அது நன்றாக வேலை செய்கிறது.

முத்திரைக்கு இதற்கு நேரெதிர் முறை. அறையை இருட்டாக்கி, சின்ன டோர்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, தேய்ந்த எண்ணும் எழும்பி நிற்கும். ஒரே முத்திரையை இடமிருந்து ஒருதரம், மேலிருந்து ஒருதரம் எடுங்கள். ஒரு போல்டில் மேலிருந்து எடுத்த படத்தில் '7' மட்டும்தான் இருந்தது. இடமிருந்து எடுத்ததில் அதன் அடியில் பாதி அழிந்த '2' ஒன்றின் வளைவு தெரிந்தது. அந்தத் துவக்கை நான் வாங்கவில்லை. சோக்கட்டி பூசி எழுத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, அந்தத் தூள் மரத்தின் வரிகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

துவக்கை ஏந்தி நின்று நான் படம் எடுப்பதில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள், நீ காசு குடுத்து வாங்கி வைக்கிறாய்" என்று அம்மா சொல்வார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் படத்தில் போல்ட் திறந்திருக்கும், பக்கத்தில் ஒரு ரவைகூட இருக்காது.

எடுத்து முடிந்ததும் விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். வியர்வையில் இருக்கிற உப்பு ஒரே இரவில் துருவைக் கிளப்பும். படக் கோப்புக்கு ஆண்டையும் தொடர் எண்ணையும் பெயராக வையுங்கள். இணையத்தில் போடும் பிரதியில் மட்டும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிடுங்கள், கமரா தானாகப் பதிகிற இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.