அல்கானை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பியானோ இசையமைப்பாளர் ஷார்ல் வாலந்தேன் அல்கான் (1813–1888) பாரிஸில் இன்னொரு இசையமைப்பாளரான ஷோப்பினுக்கு அக்கம்பக்கத்துக்காரர், நண்பரும்கூட. 1848-இல் பாரிஸ் இசைக் கல்லூரியான கன்சர்வேட்டரியின் பியானோ பேராசிரியர் பதவி தனக்குத்தான் என்று நம்பியிருந்தார், அது மார்மோன்தெல் என்ற இன்னொருவருக்குப் போனது. அப்புறம் மேடைப்பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் அவரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது, பாட்டுகளும் அவரோடு சேர்ந்து மறைந்தன.

பெயரைக் கேள்விப்பட்டுத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ரயிலைப் பற்றிய ஓபஸ் (படைப்பு எண்) 27-இல்தான் போய் விழுவார்கள். விரல்கள் பறக்கும், வாயைப் பிளந்து பார்ப்போம், மறுநாள் ஒரு சுரம்கூட நினைவில் நிற்காது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஓபஸ் 31-இல் எட்டாவது பிரெலூடை (சிறு பியானோ துண்டு) எடுங்கள். கடற்கரையில் பாடும் ஒரு பித்துப்பிடித்த பெண்ணின் பாட்டு அது. இடது கை பியானோவின் அடிமட்டத்தில் கனமான கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருக்க, வலது கை எங்கோ உயரத்தில் ஒற்றை மெட்டைப் பாடும், நடுவில் வெறும் வெளி. சுரத்தை அரைப்படி இறக்கும் ஏழு ஃபிளாட் குறிகளைப் பார்த்து மிரளாதீர்கள், வேகம் குறைவுதான். இரண்டு நாள் இடது கையை மட்டும் வாசியுங்கள், ஒவ்வொரு கார்டுக்கும் பெடலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கடல் சேறாகிவிடும். டிஜிட்டல் பியானோ என்றால் ஹெட்ஃபோன் போடுங்கள், சின்ன ஸ்பீக்கரில் அந்த அடிக்குரல் கேட்கவே கேட்காது.

நோட்ஸ் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணையதளத்தில் இலவசம். ஓபஸ் எண் போட்டுத் தேடுங்கள், பெயரைப் போட்டால் பிரெஞ்சில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று சிதறும்.

அடுத்தது ஓபஸ் 63, 48 குட்டித் துண்டுகள், நாளுக்கு ஒன்று போதும்.

ஓபஸ் 39-ஐ (1857) வாசிக்க நினைக்காதீர்கள், நோட்ஸைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அதன் பன்னிரண்டு எட்யூடில் (பயிற்சித் துண்டுகள்) 4 முதல் 7 வரை சேர்ந்தால் ஒரு சிம்பொனி, 8 முதல் 10 வரை ஒரு கான்செர்டோ (வழக்கமாகத் தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது), ஆனால் ஆர்கெஸ்ட்ராவே கிடையாது, எல்லாம் ஒரே பியானோ! கான்செர்டோவின் முதல் பகுதி மட்டும் அரை மணி நேரத்தை நெருங்கும். ஜான் ஓக்டன் வாசித்ததையும் மார்க்-ஆந்த்ரே ஹாம்லன் வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எனக்கு ஹாம்லன்தான், அவர் கையில் அந்த நெரிசலிலும் ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்கிறது.

புத்தக அலமாரி விழுந்து அல்கான் செத்தார் என்று ஒரு கதை வழியில் கண்ணில் படும். கட்டுக்கதை, நம்பாதீர்கள்.